எங்க குதிரை கண்மணிக்கு எம்ப்ரியோ ட்ரான்ஸ்ஃபர் (கருவை எடுத்து வேற குதிரைக்கு வைக்கறது) பண்ணின ரீப்ரோ சென்டர், என் ரிவ்யூ: 5க்கு 3.5

சென்டர் பேரு போடல, முதல்லயே சொல்லிடறேன். குறை சொல்ல வேண்டியது ரெண்டு பெரிய விஷயம் இருக்கு, எங்க ஒரு வீட்டு அனுபவத்தை வச்சு ஒரு இடத்தோட பேரை கெடுக்க எனக்கு இஷ்டம் இல்ல. டெக்சாஸ்ல வெதர்ஃபோர்ட் பக்கம்னு மட்டும் தெரிஞ்சா போதும். கட்டிங் குதிரைக்கு, அதாவது கூட்டத்துல இருந்து மாட்டைப் பிரிச்சு ஓட்டற குதிரைக்கு, உலகத் தலைநகரம்னு பேர் வாங்கின ஊரு அது, அந்த சுத்துவட்டாரத்துல இந்த மாதிரி சென்டர் நிறைய இருக்கு, அதனால எதுன்னு தேடாதீங்க.

கண்மணி எங்க குவார்ட்டர் ஹார்ஸ் (அமெரிக்க குதிரை இனம்), 16 வயசு. என் பொண்ணு குதிரை ஏறிப் பழகினதே அவ முதுகுலதான். மூணு வருஷம் முன்னாடி குட்டி போடும்போது குட்டி கொஞ்சம் பெருசு, கர்ப்பப்பை வாய் கிழிஞ்சிடுச்சு. தையல் போட்டும் சரியா மூடல. இனிமே சினை பிடிச்சாலும் அவளால தாங்க முடியாது, வாய் மூடலன்னா இன்ஃபெக்ஷன் உள்ள போயி கரு கலைஞ்சிடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. முட்டை நல்லா வருது, கர்ப்பப்பை உள்ளயும் சுத்தமா இருக்கு, அதனால 7, 8 நாள் கருவை வெளிய எடுத்து வேற குதிரைக்கு வைக்கலாம்னு வழி சொன்னதும் அவங்கதான். எங்க அப்பா அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு ஆடி மாசம் தவறாம போறவர், குதிரைய சுழி பார்த்து, பல்லு பார்த்து வாங்குற ஆளு, ஃபோன்ல இதை சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "அப்ப அந்த இன்னொரு குதிரைய யாரும்மா பாத்துக்குவாங்க"ன்னு கேட்டார். அந்த கேள்வி எனக்கு கடைசி வரைக்கும் கூடவே வந்துச்சு.

சரி, சர்வீஸ் பத்தி. டிசம்பர் 1லயே ஆரம்பிக்க சொன்னாங்க. குதிரைக்கு பகல் நீளமானாதான் ஓவரி வேலை செய்யும், குளிர்காலத்துல தூங்கிடும். அதனால லாயத்துல சாயங்காலம் லைட் போட்டு பகலும் சேர்த்து 16 மணி நேரம் வெளிச்சம் வர்ற மாதிரி ரெண்டு மாசம் வைக்கணும். இதுக்கு ஊசியே வேண்டாம், ஒரு டைமரும் பல்பும் போதும். பிப்ரவரி கடைசில கண்மணி ஒழுங்கா பருவத்துக்கு வந்துட்டா.

அங்க போனதும் நான் கேட்ட முதல் கேள்வி, மாட்டுக்கு ஊசி போட்டு ஒரே தடவைல அஞ்சாறு கரு எடுக்கறாங்களே, இவளுக்கும் அப்படி பண்ணலாமான்னு. இந்த இடத்துல அந்த டாக்டரம்மாவுக்கு முழு மார்க் குடுக்கணும், ஏன்னா காசு பண்ணணும்னா சரின்னு தலையாட்டியிருக்கலாம். அவங்க உக்கார வச்சு படம் போட்டு விளக்கினாங்க. மாட்டோட ஓவரில முட்டை மேல எங்க வேணா வெடிச்சு வரலாம், குதிரையோட ஓவரில ஒரே ஒரு குழி மாதிரி இடம் வழியாத்தான் முட்டை வெளிய வர முடியும். அதனால பத்து ஃபாலிக்கிள், அதாவது முட்டை வளர்ற பை, வளர்த்து விட்டாலும் பிரயோஜனம் கம்மி. குதிரையோட மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பில இருந்து எடுத்த எஃப்எஸ்எச், அதாவது முட்டைய வளர்க்கற ஹார்மோன், கொஞ்ச வருஷம் கடைல கிடைச்சுதாம், தினம் ரெண்டு வேளை போடணும், அதுலயும் ஒண்ணு ரெண்டு முட்டை கூட வந்தா பெருசு, அப்புறம் அந்த தயாரிப்பே மார்க்கெட்ல இல்லாம போச்சு. இதுல எனக்கு மனசுல நின்னது என்னன்னா, மாட்டுக்கும் ஆட்டுக்கும் நிறைய முட்டை வர போடற பிஎம்எஸ்ஜி ஊசி சினைக்குதிரையோட ரத்தத்துல இருந்துதான் எடுக்கறாங்க, ஆனா அதே ஊசி குதிரைக்கு போட்டா வேலை செய்யாது.

ஆக ஒரு தடவைக்கு ஒரு முட்டை, அதிர்ஷ்டம் இருந்தா ரெண்டு. அதனால மருந்து எல்லாமே முட்டைய கூட்டறதுக்கு இல்ல, நேரத்தை பிடிக்கறதுக்கு. இது புரிஞ்சாதான் பில்லுல இருக்கற ஒவ்வொரு ஊசியும் எதுக்குன்னு புரியும், எனக்கு இது புரியவே முதல் ரவுண்டு முடிஞ்சிடுச்சு.

முதல் ரவுண்டு, ஃபாலிக்கிள் 36 மில்லிமீட்டர், கர்ப்பப்பை உள்ள வீக்கம் நல்லா தெரியுது, முட்டைய வெடிக்க வைக்கற எச்சிஜி ஊசி 2500 யூனிட் நரம்புல போட்டாங்க. 36 மணி நேரத்துல முட்டை வெடிக்கணும். ஸ்டாலியனோட (ஆண் குதிரை) விந்து வேற ஸ்டேட்ல இருந்து கூல் பண்ணின டப்பால 5 டிகிரில வந்து இறங்கிடுச்சு, சினை ஊசியும் போட்டாச்சு, முட்டை வெடிக்கல. அடுத்த நாளும் வெடிக்கல. மூணாவது நாள்தான் வெடிச்சுது, அதுக்குள்ள உள்ள போன விந்து பழசாயிடுச்சு. காரணம் என்னன்னா எச்சிஜி மனுஷங்க கிட்ட இருந்து வர்ற புரோட்டீன், திரும்பத் திரும்ப போட்டா சில குதிரைக்கு உடம்புல எதிர்ப்பு சக்தி உருவாகி அப்புறம் சரியா கேக்காது, வயசான மேருக்கு (பெண் குதிரை) இன்னும் ஜாஸ்தி. கண்மணிக்கு பழைய சீசன்கள்ல நாலஞ்சு தடவை போட்டிருக்கு, ஃபைல்ல எழுதியே இருக்கு, அதை யாரும் திருப்பிப் பாக்கல. ரெண்டாவது ரவுண்டுல இருந்து அதே வேலைக்கு டெஸ்லோரெலின்னு வேற ஊசிக்கு மாத்தினாங்க, அது சின்ன மாலிக்யூல், எதிர்ப்பு வர்றதில்ல, சொன்ன மாதிரி 40 மணி நேரம் பக்கத்துல வெடிச்சுது. ஒரு ரவுண்டு போச்சுன்னா மூணு வாரம் போச்சு, விந்து செலவு போச்சு. உங்க குதிரைக்கு முன்னாடி என்ன ஊசி எத்தனை தடவை போட்டிருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி டாக்டர் கைலயே குடுங்க, ஃபைல்ல இருக்கும்னு விடாதீங்க.

இப்ப கருவை எடுக்கறது, அவங்க ஃப்ளஷ்னு சொல்றது. இதைப் பாக்க விட்டாங்க, நானும் பொண்ணும் கூடவே நின்னோம். முட்டை வெடிச்ச நாளை 0ன்னு வச்சு 7 இல்ல 8வது நாள் பண்றாங்க. ஏன் அந்த நாள்னா, குதிரையோட கரு கருக்குழாய்ல இருந்து கர்ப்பப்பைக்குள்ள இறங்கவே ஆறு நாள் ஆகுது. அதுலயும் ஒரு விசேஷம், கரு தானே பிஜிஇ2ன்னு ஒரு பொருளை சுரந்து குழாயை திறக்க வச்சு இறங்குது, கருவாகாத முட்டைக்கு அந்த சக்தி இல்லாததால அது பெரும்பாலும் குழாயிலயே தங்கிடும். உசிரு இருக்கறது மட்டும் கதவைத் தட்டி உள்ள வருதுன்னு என் பொண்ணு சொன்னா, அவ சொன்னது சரிதான்.

மயக்கம் இல்ல, லேசா சொக்க வைக்கற ஊசி மட்டும். வால்ல துணி சுத்தி, பின்பக்கம் மூணு தடவை சோப்பு போட்டு கழுவி, டாக்டர் தோள் வரைக்கும் க்ளவுஸ் மாட்டிட்டு ஒரு சிலிக்கான் குழாயை கர்ப்பப்பை வாய் வழியா விட்டாங்க. குழாய் நுனில சின்ன பலூன் இருக்கு, அதை ஊதி வாயை அடைச்சாதான் தண்ணி வெளிய ஒழுகாது. கண்மணிக்கு வாய் கிழிஞ்சிருக்கறதால பலூன் சரியா நிக்கல, முதல் லிட்டர்ல பாதி கீழ தரைல. இங்கதான் அந்த டாக்டரம்மாவோட கைராசியப் பாத்தேன், ஒரு கையால கர்ப்பப்பை வாயை பலூனோட சேர்த்து பிடிச்சுகிட்டு, பதட்டமே இல்லாம அசிஸ்டெண்ட் கிட்ட பையை இன்னும் தூக்குங்கன்னு சொல்லி, ஒவ்வொரு லிட்டரா நாலு லிட்டர் உள்ள விட்டு, அப்புறம் ஆசனவாய் வழியா இன்னொரு கைய விட்டு கர்ப்பப்பைய மெதுவா அமுக்கி அமுக்கி தண்ணிய திருப்பி எடுத்தாங்க, கடைசில ஆக்ஸிடோசின் ஒண்ணு போட்டு மிச்ச தண்ணியும் வர வச்சாங்க. வர்ற தண்ணி ஒரு சின்ன ஃபில்டர் கப் வழியா போகுது, வலைக்கண்ணு 75 மைக்ரான், கரு அதுல தங்கிடும். தண்ணி கலங்கலா வந்தா உள்ள இன்ஃபெக்ஷன்னு அர்த்தம், எங்களுக்கு கண்ணாடி மாதிரி வந்துச்சு.

அப்புறம் கப்புல இருக்கற கொஞ்சம் தண்ணிய கோடு போட்ட டிஷ்ல ஊத்தி மைக்ராஸ்கோப் கீழ தேடறாங்க. முதல் ரவுண்டுல ஒண்ணும் இல்ல, எதிர்பார்த்ததுதான். ரெண்டாவது ரவுண்டுல அஞ்சு நிமிஷம் அமைதியா தேடிட்டு டாக்டர் தலைய நிமிர்த்தி என் பொண்ணைக் கூப்பிட்டாங்க. நானும் பாத்தேன். வெந்த ஜவ்வரிசி நடுவுல கண்ணாடி மாதிரி தெரியுமில்ல, அப்படியே, ஆனா ரவையை விட சின்னது. சுத்தி ஒரு ஓடு மாதிரி உறை, அது குதிரைக் கருவுக்கு மட்டும் இருக்கற காப்ஸ்யூல். அந்த நிமிஷம் இந்த சென்டருக்கு 5க்கு 5 குடுக்கலாம்னு தோணுச்சு.

அடுத்த வாரம் அந்த எண்ணம் மாறிடுச்சு.

கருவை வாங்கிக்கற குதிரை, அவங்க ரெசிப்னு சொல்றாங்க, அதுக்கு நம்ம மேருக்கு முட்டை வெடிச்ச அன்னிக்கோ இல்ல ஒண்ணுல இருந்து மூணு நாள் பின்னாடியோ வெடிச்சிருக்கணும், அதுதான் நல்ல இடைவெளி. அதுக்குத்தான் ரெசிப்புக்கும் ப்ரோஜெஸ்டிரான், ப்ராஸ்டாகிளாண்டின்னு ஊசி போட்டு நாளை ஒத்துப்போக வைக்கறது. அன்னிக்கு ரெடியா இருந்த ரெண்டு நல்ல ரெசிப்பையும் வேற கிளையண்டுக்கு குடுத்துட்டு, எங்க கருவை கண்மணிக்கு ரெண்டு நாள் முன்னாடியே வெடிச்ச ஒரு குதிரைக்கு வச்சிருக்காங்க. எங்களை ஒரு வார்த்தை கேக்கல. 14வது நாள் ஸ்கேன்ல காலின்னு வந்ததுக்கு அப்புறம் நான் ரெக்கார்டை கேட்டு வாங்கிப் பாத்தப்பதான் தேதி தெரிஞ்சுது. நல்ல குதிரைக்கு வச்சாலும் சினை நிக்காம போகலாம், அது எனக்கு தெரியும், ஆனா முடிவு எடுக்கற இடத்துல நம்ம இல்லாம போறது வேற. ஒண்ணரை மார்க் குறைச்சதுல ஒரு மார்க் இதுக்குத்தான். மேனேஜர் கிட்ட பேசினேன், ஒத்துக்கிட்டு அடுத்த ரவுண்டு ஃப்ளஷ் சார்ஜ் வாங்கல, அதையும் நியாயமா சொல்லிடறேன்.

ஒவ்வொரு ஃப்ளஷ் முடிஞ்சதும் கண்மணிக்கு ஒரு ப்ராஸ்டாகிளாண்டின் ஊசி போட்டுடறாங்க. தவறிப்போயி உள்ள ஒரு கரு தங்கியிருந்தா அது சினையாகி அவளுக்கு ஆபத்தாயிடக் கூடாது, அதோட சீக்கிரம் அடுத்த பருவத்துக்கும் வந்துடுவா. இந்த ஊசி போட்டா அரை மணி நேரம் வியர்த்துக் கொட்டும், வயித்து வலி மாதிரி கால தரைல தேய்ப்பா, முதல் தடவை பாத்தப்ப கோலிக்னு (குதிரைக்கு வர்ற ஆபத்தான வயித்து வலி) நினைச்சு பதறிட்டேன். பக்கத்துல நின்ன பையன் "இது நார்மல் மேடம்"னு அப்பதான் சொன்னான், முன்னாடியே சொல்லியிருக்கலாம். நம்ம ஊர்ல மாடு வச்சிருக்கறவங்களுக்கு இந்த மருந்து தெரிஞ்சிருக்கும், மாட்டைப் பருவத்துக்கு வர வைக்க போடறதும் இதே குடும்பம்தான். மாசமா இருக்கற பொண்ணுங்களும் ஆஸ்துமா இருக்கறவங்களும் இந்த பாட்டில தொடவே கூடாது, தோல் வழியா உள்ள போகும்.

மூணாவது ரவுண்டு ஏப்ரல்ல. இந்த தடவை பொண்ணு அந்த வாரம் முழுக்க கண்மணி மேல ஏறவே இல்ல. வெயில்ல ஓட வச்ச மேர்கள் கிட்ட கரு கிடைக்கறது குறையுதுன்னு டெக்சாஸ் ஏ அண்ட் எம்ல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, டாக்டர் அதை சொல்லி நிறுத்த சொன்னாங்க, அழுதாலும் கேட்டுகிட்டா. இயற்கையாவே ரெண்டு முட்டை வெடிச்சுது, ரெண்டு கரு கிடைச்சுது, ஒண்ணு ஃபர்ஸ்ட் கிரேடு, இன்னொண்ணு சின்னது, சுமார். ரெசிப் எதுன்னு இந்த தடவை நானே போயி பாத்தேன், ஸ்கேன் ஷீட்டை கைல வாங்கி தேதி பாத்தேன், கண்மணிக்கு ஒரு நாள் பின்னாடி வெடிச்ச ரெண்டு குதிரை. நல்ல கரு நின்னுச்சு, சின்னது நிக்கல. 25 நாள் பக்கத்துல ஸ்கேன்ல இதயத்துடிப்பு பாத்தோம், ஒரு கடுகு மினுக் மினுக்குனு அடிச்சா எப்படி இருக்கும், அப்படி. அப்பாவுக்கு வீடியோ அனுப்பினேன்.

ஒரு சைக்கிள்ல கரு கிடைக்கறதே ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்புதான், நல்ல இளம் மேருக்கே, அதனால மூணு ரவுண்டுல ஒரு குட்டிங்கறது ஒண்ணும் மோசம் இல்ல. நாங்க கட்டினது எல்லாம் சேர்த்து ஸ்டாலியன் ஃபீஸ் தவிர 9000 டாலர் தாண்டிடுச்சு, அதுல பாதிக்கு மேல ரெசிப் வாடகை. பட்ஜெட் போடறவங்க மூணு ரவுண்டுக்கு போடுங்க.

இப்ப மிச்ச அரை மார்க் ஏன் போச்சுன்னு சொல்றேன், எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான். ரெசிப்பை 60 நாள்ல வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தோம். கூடவே சினை நிக்க வைக்கற அல்ட்ரெனோஜெஸ்ட் மருந்து பாட்டில் ஒண்ணு, மஞ்சளா எண்ணெய் மாதிரி இருக்கும், தினம் 10 மில்லி வாய்ல விடணும், நஞ்சுக்கொடி தானா ஹார்மோன் சுரக்கற வரைக்கும், அதாவது 120 நாள் வரைக்கும் குடுங்கன்னு சொல்லி பாட்டிலையும் சிரிஞ்சையும் கைல குடுத்து அனுப்பிட்டாங்க. க்ளவுஸ் பத்தி ஒரு வார்த்தை இல்ல. லேபிள்ல பொடி எழுத்துல இருக்கு, நான் படிக்கல, அது என் தப்பு. குதிரைக்கு மருந்து குடுக்கறது பொண்ணோட வேலை, 15 வயசு, ஒரு வாரம் வெறுங்கைல குடுத்திருக்கா, விரல்ல வழிஞ்சதை ஜீன்ஸ்ல துடைச்சிருக்கா. அந்த மாசம் அவளுக்கு பீரியட்ஸ் குழம்பிப் போச்சு. எங்க டாக்டர் கிட்ட ஓடினோம், அவங்க முதல்ல கேட்டதே வீட்ல என்ன மருந்து கையாளறீங்கன்னுதான். அது பெண் ஹார்மோன் மாதிரியான மருந்து, தோல் வழியா சுலபமா உள்ள போகும், பெண்கள் யாரும் வெறுங்கையால தொடவே கூடாது, மாசமா இருக்கறவங்க, இருக்கலாம்னு சந்தேகம் உள்ளவங்க பாட்டில் பக்கமே போகக் கூடாது. நைட்ரைல் இல்ல வினைல் க்ளவுஸ் போட்டு, சிந்தினா உடனே சோப்பு போட்டு கழுவணும். அன்னியில இருந்து என் வீட்டுக்காரர்தான் குடுத்தார், அவரும் க்ளவுஸ் போட்டுத்தான். பொண்ணுக்கு அடுத்த ரெண்டு மாசத்துல சரியாயிடுச்சு. சென்டருக்கு ஈமெயில் போட்டேன், இப்ப பாட்டிலோட ஒரு க்ளவுஸ் டப்பாவும் தனியா ஒரு பேப்பரும் குடுக்கறாங்கன்னு போன மாசம் அங்க போன ஒருத்தர் சொன்னாங்க.

குவார்ட்டர் ஹார்ஸா இருந்தா பேப்பர் வேலை சுலபம். 2002க்கு முன்னாடி குவார்ட்டர் ஹார்ஸ் சங்கத்துல ஒரு மேருக்கு வருஷத்துக்கு ஒரு குட்டிதான் பதிவு பண்ண விடுவாங்க, கோர்ட் கேஸுக்கு அப்புறம் அந்த கட்டுப்பாடு போச்சு, இப்ப குட்டிக்கு டிஎன்ஏ டெஸ்ட் குடுக்கணும். ரேஸ் ஓடற தரோபிரெட் வச்சிருக்கறவங்க இந்தப் பக்கமே வர வேண்டாம், அதுக்கு நேரடி இணை சேர்க்கை மட்டும்தான் செல்லும். ஊர்ல மார்வாரி இனக் குதிரை வச்சிருக்கறவங்க நிறைய பேர் கேப்பீங்க: பிகானேர்ல தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்தோட வளாகத்துல 2023 மே மாசம் இதே முறைல மார்வாரி குட்டி ஒண்ணு பிறந்துச்சு, ராஜ்-பிரதம்னு பேர், 23 கிலோ. அடுத்த வருஷம் ஃப்ரீஸ் பண்ணி வச்ச கருவுல இருந்தும் ஒண்ணு பிறந்திருக்கு. 1970கள்ல கேம்பிரிட்ஜ்ல இருந்து போலந்துக்கு குதிரைக் கருவை அனுப்ப முயலோட கருக்குழாய்க்குள்ள வச்சுத்தான் கொண்டுபோனாங்களாம், டாக்டர் சொன்னப்ப என் பொண்ணு வாயைப் பொளந்துட்டா. இப்ப ஒரு சின்ன ட்யூப்ல போட்டு கூரியர்ல போகுது.

குட்டி மார்ச்ல பிறந்துச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு, பொண் குட்டி, நெத்தில கண்மணிக்கு இருக்கற அதே வெள்ளைப் பொட்டு. ரெசிப் பெரிய சாம்பல் குதிரை, அதுக்கு நம்பர் மட்டும்தான் இருந்துச்சு, தொடைல 47னு போட்டிருந்தாங்க, நாங்க வெள்ளச்சின்னு கூப்பிட்டோம். குட்டிய நக்கி நக்கி காய வச்சா, எழுந்திரிக்கற வரைக்கும் மூக்கால தள்ளித் தள்ளி விட்டா, சீம்பால் குடிக்க வழி காட்டினா. சுத்தமா அவ ரத்தம் இல்ல அது, அவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் கண்மணி நின்னு பாத்துகிட்டு இருந்தா.

ஒப்பந்தப்படி பால் மறந்ததும் வெள்ளச்சிய திருப்பிக் குடுக்கணும். ஆகஸ்ட்ல ட்ரெய்லர் வரச் சொல்லியிருந்தாங்க. நான் ஃபோன் பண்ணி விலை கேட்டேன், டெபாசிட்டோட இன்னும் கொஞ்சம் சேர்த்துக் குடுத்தா வச்சுக்கலாம்னு சொன்னாங்க, உடனே பேப்பரும் அனுப்பிட்டாங்க, இழுத்தடிக்கல. அப்பாவுக்கு ஃபோன் போட்டு, நீங்க கேட்டீங்கல்ல, அந்தக் குதிரைய நாங்களே பாத்துக்கறோம்பான்னு சொன்னேன். "சுழி எப்படி இருக்குன்னு ஒரு ஃபோட்டோ அனுப்பு"ன்னார்.